ஒரு சஹனுக்கு நாலு பேர்

குறிஞ்சிப்பிட்டியில் முத்தலிபின் வீட்டுக் கத்தச் சோற்றில், ஆள் உட்காராத ஆறாவது பக்கம் 2009ஆம் ஆண்டு ஜனவரி தொடக்கம் வருஷம் தவறாமல் காலியாகிவருகிறது. கத்தம் என்பது மௌத்தானவரின் பேரில் குர்ஆன் ஓதி, துஆக் கேட்டு, வந்தவர்களுக்குச் சோறு கொடுப்பது. அந்தச் சோறு தனித்தனிப் பீங்கானில் வராது. கைக்குழந்தையைக் கிடத்தலாம் என்கிற அகலத்தில் ஒரு வட்டத் தட்டு, சஹன் என்பார்கள், அதில் நெய்ச்சோற்றைக் குவித்து மேலே கறிகளை வைத்துப் பாயின் நடுவில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது மரியாதை இல்லை. முதல் கத்தத்தில், அதாவது மகன் இனாஸின் நாற்பதாம் நாளில், வீட்டுக்காரரின் சஹனில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். முத்தலிபு, பள்ளிவாசல் றவூப் லெப்பை, மருமகன் அம்ஜத், அயல்காரர் இருவர். ஆறாவதாக வரவேண்டியவர் தில்லையடியில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். பிஸ்மி சொல்லித் தின்று முடித்து நிமிர்ந்தபோது ஆறாவது பக்கத்துச் சோறும் தட்டின் அடி தெரியத் தீர்ந்திருந்தது. நாலு பேரும் அம்ஜத்தைப் பார்த்தார்கள். அவர் அப்போது புது மாப்பிள்ளை, உடம்பும் கொஞ்சம் பெரிது. அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு அவர் ஒரு வருஷம் முழுக்க மாமியார் வீட்டில் அரைவயிற்றோடு எழுந்தார்.

அடுத்து நவம்பரில் வந்த வருஷக் கத்தத்தில் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டு எல்லாரும் பார்த்திருந்தார்கள். கை எதுவும் தெரியவில்லை. உப்புப் பாத்தியில் வெயிலுக்குத் தண்ணீர் வற்றுகிறதே, அந்த மாதிரி, பார்க்கும்போது தெரியாமலும் பார்த்து முடித்தபின் தெரிந்தும் சோறு குறைந்தது. றவூப் லெப்பை அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் தண்ணீர் கேட்டார். அம்ஜத் இரண்டாம் தரம் சோறு கேட்டார். ஊர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த வாரம் சின்ன வெங்காயத்தின் விலை பாதியாக இறங்கியிருந்தது. கதைக்க அதுவே போதுமாக இருந்தது.

இனாஸ் முத்தலிபுக்கும் ஜெமீலாவுக்கும் ஒரே மகன், நுஸ்ராவுக்குத் தம்பி. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுமை அவனுக்கு இருக்கவில்லை. சிலாபத்தில் ஒரு கராஜில் வேலை பழகப் போய், வேலையைவிடச் சிங்களத்தை நன்றாகப் பழகி, பத்தொன்பது வயதில் யாரிடமும் சொல்லாமல் அரச படையில் சேர்ந்துகொண்டான். தகப்பன் ஒரு மாதம் அவனோடு கதைக்கவில்லை. லீவில் வரும்போதெல்லாம் மூன்று வேளையும் மாட்டிறைச்சி கேட்பான். கறிவேப்பிலை, ஏலக்காய், கராம்பு எதையும் ஒதுக்கமாட்டான். எல்லாம் உள்ளே போகும். கடைசியில் எலும்பை எடுத்துத் தட்டின் விளிம்பில் டக் டக் என்று தட்டி உள்ளே இருக்கும் ஊனை இறக்கி உறிஞ்சுவான். தட்டாதே என்று ஜெமீலா சொல்லாத நாள் இல்லை. 2008 நவம்பரில் வன்னியில் வெள்ளம் வந்த மழைக்குள் அவன் இறந்துபோனான் என்று செய்தி வந்தது. பின்னால் பெட்டி வந்தது. திறக்க முடியாதபடி மூடப்பட்டிருந்த பெட்டி. கூட வந்த இளம் அதிகாரி, உடல் மூன்று நாள் சேற்றில் கிடந்தது, தாய் பார்க்க வேண்டாம் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். முத்தலிபு அதில் பாதியைத்தான் ஜெமீலாவுக்குத் தமிழில் சொன்னார்.

மையித்தைக் குளிப்பாட்ட வழி இருக்கவில்லை. பெட்டியை முன்னால் வைத்துத் தொழுகை நடத்தி, பெட்டியோடு அடக்கினார்கள். படையினரின் மரியாதைத் துப்பாக்கி வேட்டுச் சத்தத்துக்கு மையவாடிப் புளியமரத்துக் காகங்கள் எல்லாம் எழும்பிப் போயின. மண் மூடியதும் றவூப் லெப்பை தலைமாட்டில் குந்தித் தல்கீன் ஓதினார். மண்ணுக்குள் போனவரைத் தாயின் பேர் சொல்லி அழைத்து, வானவர்களான மலக்குகள் வந்து கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொடுப்பது அது. ஜெமீலாவின் மகன் இனாஸே என்று மூன்று தரம் கூப்பிட்டார். பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. சுவருக்கு வெளியே நின்ற ஜெமீலாவுக்கு மூன்று தரமும் தெளிவாகக் கேட்டது.

இனி ஜெமீலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் கத்தத்தன்று சஹனைக் கழுவ எடுத்தவள் அவள்தான். ஆறாவது பக்கத்தில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் தீர்ந்திருந்தன. இறைச்சித் துண்டுகள் மட்டும் ஒன்றுவிடாமல் நடுவே தள்ளப்பட்டிருந்தன. தட்டின் விளிம்பில் கறிவேப்பிலைகள், காம்பு வெளிப்பக்கம் இருக்க, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, கரையில் இழுத்துவிட்ட வள்ளங்கள் மாதிரி வரிசையாக இருந்தன. அவள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளை தின்ற தட்டு எது, தின்னாத தட்டு எது என்று ஒரு தாய்க்குத் தெரியாமல் இருக்காது. அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததை அலுமாரியின் மேல்தட்டில், வருஷத்துக்கு ஒரு தரமும் எடுக்காத சாமான்களோடு, வைத்துப் பூட்டிவிட்டாள்.

“தம்பி இறைச்சிய உட்டுட்டு எழும்புவானா உம்மா?” என்று இரண்டாம் வருஷம் நுஸ்ரா கேட்டாள்.

“மௌத்தானவங்களுக்குப் பல்லு நோகாதா? உனக்கென்ன தெரியும்.”

“கருவேப்பிலையையும் சேத்து முழுங்குறவன்.”

“இப்ப நிதானமாத் தின்னப் பழகி இரிக்கான். நீயும் பழகிக்கொள்.”

அம்ஜத் அப்போது கத்தம் ஓதுவது கூடாது என்கிற புதுக் கொள்கைக்காரர். மௌத்தானவர்கள் வந்து தின்பதாக எந்தக் கிதாபிலும் இல்லை, இது ஜின்னின் வேலை என்று ஒரு நாள் மாமியாரிடம் விளக்கினார். ஜெமீலா தேங்காய் திருவிக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, “ஜின்னோட சாப்பாடு எலும்பு தானே மருமகன்? இது எலும்பத் தொடுதே இல்லையே,” என்றாள். அம்ஜத்துக்கு அந்த ஹதீஸ் தெரியும். அதன்பிறகு அவர் கத்தம் கூடாது என்பதை மட்டும் சொல்லிவந்தார். சொல்லிவிட்டு வந்து தன் இடத்தில் உட்காருவார்.

வருஷங்கள் போயின. ஒவ்வொரு வருஷமும் ஒரு தரம் படையிலிருந்து கடிதம் வரும். முத்தலிபும் ஜெமீலாவும் நல்ல உடுப்பு உடுத்து, நகரத்து நினைவுக்கல்லடியில் நடக்கும் வைபவத்துக்குப் போவார்கள். இனாஸின் பேர் கல்லில் மூன்று மொழியிலும் இருந்தது. ஆளுக்கொரு பூவும் ஒரு சோற்றுப் பொதியும் தருவார்கள். அழகாகப் பேசினார்கள், ஜெமீலாவுக்கு அவர்கள் மேல் குறை எதுவும் இருக்கவில்லை. ஒரு வருஷம் மட்டும், பேசியவர்கள் எல்லாரும் எழுந்து போனபிறகு, தன் பொதியை அவிழ்த்து மகனின் பேருக்குக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தாள். ஒரு பருக்கை குறையவில்லை. ஒரு காகம் வந்து அவித்த முட்டையை எடுத்துப் போனது. மற்றத் தாய்மார் அவளைப் பார்த்தார்கள். இருவர் தங்கள் பொதிகளையும் அவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிறகும் கல்லின் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது, கல்லிடம் எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள். அவளுடைய பிள்ளை வருவது சஹனுக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே உள்ளே ஏதோ ஒன்று, செருப்புக்குள் போன மணல் மாதிரி, உறுத்தும்.

2017இல் அவள் மாட்டிறைச்சியை நிறுத்திக் கோழி சமைத்தாள். கேட்டவர்களிடம், இவருக்குக் கொலஸ்ட்ரோல் என்று முத்தலிபைக் காட்டினாள். முத்தலிபுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஓம், டொக்டர் சொன்ன,” என்றார். ஒன்பது வருஷமாக அவருக்கும் தெரிந்தேயிருந்தது என்பது ஜெமீலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று ஆறாவது பக்கத்தில் கோழி முழுக்கத் தீர்ந்து, எலும்புகள் மட்டும் சுத்தமாகக் கிடந்தன. ஜெமீலா அவற்றைப் பார்த்துக்கொண்டு குசினிக்குள் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு தாயின் பிள்ளை, தன் வீட்டுக்கு வந்து, இத்தனை வருஷம் இறைச்சியை மரியாதையாக ஒதுக்கிவிட்டு வெறும் பருப்பும் சோறும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஒரு பசித்த பிள்ளை வயிறு நிறையத் தின்றிருக்கிறது என்ற சந்தோஷமும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரு கேள்வி இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. கேட்டால் இந்தப் பிள்ளையையும் இழந்துவிடுவேன் என்று பயந்தாள்.

அதிலிருந்து அவள் அவனுக்காகவே சமைத்தாள். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்றைத் தெரிந்துகொண்டாள். அப்பளம் பிடிக்கும், அச்சாறு பிடிக்காது. வட்டிலப்பம் இரண்டு கிண்ணம் போகும். ஊரடங்கு வருஷத்தில் வெளியாட்கள் வரமுடியவில்லை. முத்தலிபும் மருமகனும் மட்டும் சஹனில் உட்கார்ந்தார்கள், அவனும் வந்தான். காஸ் இல்லாத, அரிசி விலை ஏறிய வருஷத்தில் விறகில் கொஞ்சமாகத்தான் சமைத்தாள். அந்த வருஷம் வழமையில் பாதிதான் குறைந்தது. விலைவாசி தெரிந்த பிள்ளை என்று ஜெமீலா நுஸ்ராவிடம் சொன்னாள். மகன் என்று சொல்லாமல் பிள்ளை என்று அவள் சொல்லத் தொடங்கி அப்போது ஐந்து வருஷமாகியிருந்தது. நுஸ்ரா அதைக் கவனித்திருந்தாள், காட்டிக்கொள்ளவில்லை.

2023 நவம்பரில் கத்தத்தன்று பகல் தம்பிமுத்து தற்செயலாக வந்தார். உடப்பு என்கிற மீனவ ஊர்க்காரர், இந்து. கற்பிட்டியில் கருவாடு எடுத்துக்கொண்டு போகும் சின்ன லொறி வைத்திருந்தார், வழியில் முத்தலிபிடம் வெங்காயமும் ஏற்றுவார். மாட்டிறைச்சி இல்லை, கோழிதான் என்று முத்தலிபு கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பழைய வழக்கம்போல் மாடு சமைத்திருந்தால் அந்த மனிதரை அந்தச் சஹனில் உட்காரவைத்திருக்க முடியாது. தம்பிமுத்து இரண்டு வாய் தின்றார். மூன்றாவது வாயை எடுக்கும்போது எதிர்ப்பக்கம், ஆள் இல்லாத இடத்தில், ஒரு கறிவேப்பிலை சோற்றிலிருந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து காம்பை வெளியே திருப்பிக்கொண்டு படுத்தது. பிறகு இன்னொன்று.

“பயப்பட வேணாம் தம்பிமுத்து,” என்றார் முத்தலிபு. “அது நம்மட மகன். வருசா வருசம் வருவான். நீங்க தின்னுங்க.”

“கோழி ஆறிப்போகும் முதலாளி,” என்றார் அம்ஜத். “ஆள் நம்மள ஒண்டும் செய்யாது. என்ட சாப்பாட்டுக்குத்தான் ஒரு வருசம் ஆப்பு வெச்ச.”

தம்பிமுத்து சிரிக்கவில்லை. அவருடைய கை சோற்றிலேயே நின்றது. “உங்கட மகன் கறிவேப்பிலையை இப்படியா ஒதுக்கிறவர்?” என்று கேட்டார்.

நுஸ்ரா ஒரு தரம் கேட்டு அடங்கியபிறகு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. திரைக்குப் பின்னால் ஜெமீலா கையிலிருந்த வட்டிலப்பக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தம்பிமுத்து கை கழுவி, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் ஏற்றாமலே லொறியை எடுத்துப் போனார்.

ஆறு வாரம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. ஜனவரியில் வந்தபோது லொறியின் முன் இருக்கையில் அவருடைய அண்ணன் மனைவி இரஞ்சிதம் இருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு படம். தம்பிமுத்து கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். 2006இல் கரைவலைக்கு முல்லைத்தீவுக்குப் போனபோது அண்ணன் மகன் கிரிசாந்தைத் தானே கூட்டிப்போனார். பையனுக்குப் பதினேழு வயது, கடலுக்கு வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டுவிட்டது. ஒரு நாள் இயக்கக்காரர்கள் மீனவர் தங்கும் வாடிக்கு வந்து பையனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் தனியாகத்தான் உடப்புக்குத் திரும்பினார். 2008 மழைக்குப் பிறகு பையனைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, வெங்காயம் பார்த்துவருகிறேன் என்று அவர் வெளியே போனார். அந்த வேளையில் தோட்டத்தில் வெங்காயம் இருக்கவில்லை.

இரஞ்சிதம் மகனின் படத்துக்கு மாலை போடாதவள். படையல் வைக்காதவள். எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் எத்தனை விண்ணப்பம் கொடுத்தாள் என்பது அவளுக்கு மனப்பாடம். உடப்புக் கரையில் தோணிகளைப் பார்த்துக் கூப்பிட்டுப் பழகிய அவள் குரல், சும்மா கதைத்தாலும் அடுத்த வளவுக்குக் கேட்கும். அன்று அது தாழ்ந்திருந்தது. ஜெமீலா ஒரு பீங்கானைக் கொண்டுவந்து, குசினியிலிருந்து ஐந்து கறிவேப்பிலைகளை எடுத்து, காம்பு வெளிப்பக்கம் வைத்து வரிசையாக அடுக்கிக் காட்டினாள். இரஞ்சிதம் அதை நெடுநேரம் பார்த்திருந்தாள். கடைசி இலையை மட்டும் விரலால் கொஞ்சம் சரிசெய்தாள்.

“எத்தினை மணிக்கு வாறவன்?”

“பகல் லுஹர் தொழுதபிறகு. சோறு வெச்சா வருவார்.”

“வயிறு நிறையச் சாப்பிடுறவனோ?”

“ஓம். ஆனா முதல் எட்டு ஒம்பது வருசம் நான் மாடு வெச்சிட்டன் தங்கச்சி. அறியாமப் போச்சு. பருப்பும் சோறும்தான் தின்டார். அதுக்கு நீங்க என்ன மன்னிக்கணும்.”

“வீட்டிலயும் பருப்புத்தான் கேக்கிறவன் அக்கா.”

“வட்டிலப்பம் ரெண்டு கிண்ணம்.”

“அவனுக்கு இனிப்பே ஆகாதே.”

“இங்க தின்டார்.”

இரஞ்சிதம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “கள்ளன்,” என்றாள். சிரித்தாள். சிரிப்பு முடியும் இடம் தெரியாமல் அழுகையாகியது. ஜெமீலா அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது தானாகவே திறந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து குளிப்பாட்டியிருந்தால், எந்தச் சமயத்துப் பிள்ளை என்பது முதல் வாளித் தண்ணீரிலேயே தெரிந்திருக்கும். ஒரே மழையில், ஒரே சேற்றில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கிடந்தார்கள். சேற்றுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

அழுது முடித்துவிட்டு இரஞ்சிதம்தான் கேட்டாள். “அப்ப உங்கட மகன்?”



விஷயம் றவூப் லெப்பையிடம் போனது. ஜெமீலாவுக்கு இரண்டு பயம். மையவாடியில் கிடப்பது நம்முடைய ஆள் இல்லை என்று ஒரு கூட்டம் கிளம்பி, கபுறைத் தோண்டி அந்தப் பிள்ளையை வெளியே எடுத்துவிடுவார்களோ என்பது ஒன்று. எடுத்தால் தனக்கென்று சொல்ல ஒரு பிடி மண்ணும் இல்லாமல் போய்விடும் என்பது மற்றது. லெப்பை இருவரையும் உட்காரவைத்து, தேத்தண்ணி வரவழைத்து, முழுவதையும் கேட்டார்.

“நான் கபுறு தோண்டச் சொன்னது ஒரு பெட்டிக்கு,” என்றார். “உள்ள யார் எண்டு பாத்தவன் ஒருத்தனும் இல்ல. தெரியாத விசயத்துக்கு மீட்டிங் வெக்க ஏலாது. வெக்கவும் மாட்டன். நீங்க என்ன சொல்றீங்க பிள்ள, உங்கட ஊருக்குக் கொண்டுபோகணுமா?”

இரஞ்சிதம் இல்லை என்று தலையாட்டினாள். “மழைக்குள்ள கிடந்தவன் ஐயா. இப்ப காய்ஞ்ச மணல்ல கிடக்கிறான். எழுப்ப வேணாம்.”

லெப்பை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு ஜெமீலாவைப் பார்த்தார். “அன்டக்கித் தல்கீன்ல நான் உன்ட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டன் ஜெமீலா. வேற யாரும் கூப்பிடாத நேரம். கூப்பிட்ட வீட்டுக்கு அந்தப் புள்ள வந்திரிக்கி. மரியாதை தெரிஞ்ச புள்ள.”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் ஜெமீலா ஒன்றையே நினைத்தாள். கூப்பிட்ட பிள்ளை வந்தது. என் பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில்தான் கிடக்கிறான் என்று எண்ணிக்கொண்டு பதினைந்து வருஷம் நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவானா என்பது ஒரு கேள்வி. கூப்பிட்டும் வராமல் விட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அந்த வருஷம் முழுக்க அவள் அந்த இரண்டாவது கேள்வியோடு படுத்தெழும்பினாள். ஒரு நாள் முத்தலிபிடம் கேட்டாள். அவர், அவன் படையில் சேர்ந்தபோது ஒரு மாதம் கதைக்காமல் இருந்தேனே, அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, நீ கூப்பிடும்போது என் பேரையும் சேர்த்துச் சொல் என்றார்.

2024 நவம்பரில் கத்தத்தன்று ஜெமீலா கோழியும் சமைத்தாள், மாடும் சமைத்தாள். லுஹர் தொழுகை முடிந்ததும் இரண்டு பெண்களும் மையவாடிச் சுவருக்கு வெளியே போய் நின்றார்கள். இரஞ்சிதம் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். “கிரிசாந்த், சாப்பிட வாடா. அம்மா வந்திருக்கிறன்.” வெங்காயப் பாத்திகளில் குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். களப்பில் நின்ற கொக்குகள் எழும்பி வேறிடத்தில் போய் இறங்கின. அதன்பிறகு ஜெமீலாவின் முறை. அவள் வாழ்நாளில் குரலை உயர்த்தாத பெண். வாயைத் திறந்தாள், அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

“அவ்வளவு மெல்லக் கூப்பிட்டா வடக்கில கேக்குமோ அக்கா?” என்றாள் இரஞ்சிதம். “வயித்தில இருந்து கூப்பிடுங்க. பெத்த இடத்தில இருந்து.”

ஜெமீலா மையவாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வடக்குப் பக்கம் பார்த்து நின்றாள். “இனாஸ்,” என்று கூப்பிட்டாள். “சோறு ஆறுது மகன். வாப்பாவும் பாத்துக்கொண்டிரிக்கார். வா.” மூன்று தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் அது கற்பிட்டி றோட்டுக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

சஹனில் அன்று நாலு பேர் உட்கார்ந்தார்கள். முத்தலிபு, லெப்பை, அம்ஜத், தம்பிமுத்து. இரண்டு பக்கம் வெறுமை. ஒன்றில் கோழி, ஒன்றில் மாடு. மாடு தன் பக்கம் வராதவரை பரவாயில்லை என்று தம்பிமுத்து கோழிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோழி வைத்த பக்கம் வழமைபோலக் குறையத் தொடங்கியது. கறிவேப்பிலைகள் வரிசைக்கு வந்தன. இரஞ்சிதம் திரை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு, “முதுகை நிமிர்த்திச் சாப்பிடு,” என்று தனக்குள் சொன்னாள். மற்றப் பக்கம் அசையவில்லை. ஒரு சஹனில் மூத்தவர் கையெடுத்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்; மற்றவர்களும் எழுந்துவிட வேண்டும். றவூப் லெப்பை வயிறு நிறைந்த பிறகும் கையெடுக்கவில்லை. ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தின்றார். அப்பளம் கேட்டார். தண்ணீர் கேட்டார். குறையாத உப்பைக் குறைவு என்று சொல்லி உப்புக் கேட்டார். அம்ஜத், கத்தம் கூடாது என்று சொல்லிவந்த அதே அம்ஜத், நெற்றி வியர்க்க அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, “மச்சான், வாங்களேன்,” என்று வாய்க்குள் சொன்னார். முத்தலிபு ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தார். அஸர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அது அரை மணித்தியாலமானது.

திரைக்குப் பின்னால் ஜெமீலா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் பார்க்கவில்லை, கேட்டாள். டக். சஹனின் விளிம்பில் எலும்பு தட்டுகிற சத்தம். பிறகு இன்னும் ஒரு தரம், டக், டக்.

“தட்டாதே எண்டு எத்தின தரம் சொல்றது,” என்றாள் ஜெமீலா.

சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, மறுபடியும் டக் என்றது. முத்தலிபு கையிலிருந்த பிடியை வாயில் போட்டுக்கொண்டு, மென்று முடித்துவிட்டு, தன் பக்கத்து இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்தார். அடுத்தவர் பக்கம் கை நீட்டக்கூடாது என்பது அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கழுவ எடுத்தபோது சஹனின் ஒரு பக்கத்தில் ஏழு கறிவேப்பிலைகள் வரிசையாக இருந்தன. மற்றப் பக்கத்தில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை; ஏலக்காய்த் தோல்கூட இல்லை. அன்றைக்கு அந்தச் சஹனை இரண்டு பெண்களும் சேர்ந்து கழுவினார்கள். உடப்புக்குப் போனதும் இரஞ்சிதம் படத்துக்கு மாலை போட்டாள். மையவாடியில் அந்தக் கபுறு அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் முத்தலிபு அங்கே தண்ணீர் ஊற்றுகிறார், யாருக்கென்று சொல்லாமல்.

அதன்பிறகு முத்தலிபின் வீட்டில் ஒரு சஹனுக்கு நாலு பேர்தான். சமைக்க வருபவர்கள் கேட்காமலே அந்தக் கணக்கில் அரிசி போடுகிறார்கள். போன நவம்பரில் புத்தளத்திலிருந்து வந்த ஒரு விருந்தாளி, இடம் காலியாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் உட்காரப் போனார். “அதில ஆள் இரிக்கி, இங்கால வாங்க,” என்றார் அம்ஜத். விருந்தாளி மன்னிக்கச் சொல்லிவிட்டு இங்கால வந்து உட்கார்ந்தார்.